கூழ்ம வெள்ளி: வாயில் ஊற்றும் முன் போட வேண்டிய கணக்கு

கூழ்ம வெள்ளியை, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீரை, எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டால், மருந்தாகக் குடிக்கப் பரிந்துரைத்த அளவு என்று எதுவுமே கிடையாது. குடித்தால் இன்ன நோய் தீரும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என ஏற்க முடியாது என்று 1999-லேயே விதித்துவிட்டது. இருப்பது ஓர் உச்சவரம்பு மட்டும்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை வகுத்தது இது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 300.

பாட்டிலில் பிபிஎம் எவ்வளவு என்று பாருங்கள். 1 பிபிஎம் என்றால் ஒரு மில்லியில் 1 மைக்ரோகிராம் வெள்ளி. பிபிஎம்மை மில்லியால் பெருக்கினால் போதும். 10 பிபிஎம் திரவத்தில் ஒரு டீஸ்பூன் (5 மில்லி) 50 மைக்ரோகிராம். 500 பிபிஎம் என்றால் அதே டீஸ்பூனில் 2,500. வரம்பைப் போல எட்டு மடங்குக்கும் மேல். பிபிஎம் சொல்லாமல் "தினம் ஒரு ஸ்பூன்" என்பவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

பேட்டரியும் வெள்ளிக் கம்பியும் வைத்து வீட்டில் தயாரிப்பதில் இந்தக் கணக்கே போட முடியாது. நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த அயனிகளைத்தான் காட்டும். மிதக்கும் வெள்ளித் துகள் அதில் தெரியாது. மின்சாரம் சீக்கிரம் ஓடட்டும் என்று ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் வெள்ளி குளோரைடு உண்டாகி நீர் பால்போலக் கலங்கும்.

வெள்ளி மிஞ்சினால் அர்ஜைரியா: தோலில் படிந்து, வெயில் பட்டுச் சாம்பல் நீலமாகும். ஈறிலும் நகத்தின் அடியிலும்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றத் தரும் கீலேஷன் சிகிச்சையால் போகாது. லேசரில் சிலருக்கு ஓரளவு மங்கும். தைராய்டு மாத்திரை, டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை உடலில் சேர்வதையும் வெள்ளி குறைக்கக்கூடும். குடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டு, பிபிஎம், மில்லி, எத்தனை நாள் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய், பூனைக்கு அந்த உச்சவரம்பும் பொருந்தாது; அது மனிதருக்கு வகுத்தது. புண்ணில் தெளித்தாலும் நக்கி உள்ளே போய்விடும், பூனை கேட்கவே வேண்டாம். பன்றி, கோழிகளில் வெள்ளி மிஞ்சினால் செலினியம், வைட்டமின் ஈ குறைபாடு வருவது தெரிந்த விஷயம். சிறு கீறல் என்றால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்துக் கழுவி, கழுத்தில் கூம்புக் காலர் மாட்டுங்கள். கடிபட்ட புண், சீழ் என்றால் கால்நடை மருத்துவரிடம்தான். தீக்காயத்துக்கு மருத்துவர் எழுதும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வேறு சரக்கு. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.