ஆல்ப்ஸுக்கு பைக் வாங்கி ஷெஃபீல்டில் உருட்டாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டை ஒட்டிய பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், டெர்வென்ட் அணைக்குக் கீழே ஃபேர்ஹோம்ஸ் கார் பார்க்கில் ஒரு தம்பி காரிலிருந்து மவுண்டன் பைக்கை இறக்கிக்கொண்டிருந்தான். நம்ம ஊர்ப் பையன். ஷெஃபீல்டில் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பைக் பளபளவென்று இருந்தது. முன் சக்கரத்தில் 170 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், பின்னால் அதற்குச் சளைக்காத ஷாக் அப்சார்பர். டயர் மட்டும் கோடைக்காலத்து டயர், பிடிப்புக்கான பட்டன்கள் நகம் உயரத்துக்குக்கூட இல்லை.

"அண்ணா, பின்னாடி 165தான் இருக்கு. பீக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு இது போதுமா?"

"போதுமாவா? எதுக்குடா தம்பி இவ்வளவு?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது, ஏனென்றால் பத்து வருடத்துக்கு முன்னால் இதே கார் பார்க்கில் இதே மாதிரி ஒரு பைக்கோடு நின்றவன் நான். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஹெல்மெட் போடுங்கள், உயரத்துக்கு ஏற்ற சைஸ் வாங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் காசைக் கொட்டிக் கற்றுக்கொண்டவை மட்டும்.

வருடத்தில் ஒரு வாரத்துக்காக பைக் வாங்குவது

ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை என்பார்கள். 2015இல் நான் செய்தது அதேதான். குளிர்காலம் முழுக்க ஆல்ப்ஸ் மலை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட்டில் மேலே போவார்கள், ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் பறந்து வருவார்கள், திரும்ப லிஃப்ட். அடுத்த வருடம் நாமும் ஒரு வாரம் போவோம் என்று முடிவு செய்து, அதற்கேற்ற பைக்கை வாங்கினேன். மூவாயிரம் பவுண்டு. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சைக்கிளுக்கா? அதுல மோட்டார்கூட இல்லையாடா?" என்று கேட்டாள். ஊரில் பைக் என்றாலே பெட்ரோல் போடுவதுதானே. சிரித்துவிட்டு வைத்தேன். அவள் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது என்று புரிய ஒரு வருடம் ஆனது.

பிரிட்டனில் மலை இல்லையா என்றால் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் 1,345 மீட்டர். ஆனால் நாம் வாராவாரம் ஓட்டுவது அங்கே இல்லை. பீக் டிஸ்ட்ரிக்ட்டின் மிக உயரமான கிண்டர் ஸ்கவுட்டே 636 மீட்டர்தான். லண்டன்காரர்கள் ஓடிவரும் சர்ரே ஹில்ஸில் லீத் ஹில் 294 மீட்டர். அதாவது நீங்கள் அரை மணி நேரம் மிதித்து ஏறுவீர்கள், நான்கைந்து நிமிடத்தில் இறக்கம் தீர்ந்துவிடும். நடுவில் ஆட்டு வயலுக்கு ஒரு கேட். இறங்கித் திறந்து, நுழைந்து, மூடிவிட்டு மறுபடி ஏற வேண்டும். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் கொண்டோலா எனும் ரோப் கார் உண்டு, தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் பக்கத்து பைக் பார்க்கில் வேனில் ஏற்றிவிடுவார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் உங்கள் தொடைதான் லிஃப்ட்.

நீளமான டிராவல் இருக்கும், அதாவது ஃபோர்க்கும் ஷாக்கும் அதிகம் அமுங்கும் பைக், வேகமும் செங்குத்தும் இருந்தால்தான் வேலை செய்யும். மெதுவான, வேரும் கல்லும் கலந்த சாய்வில் அது மெத்தை மாதிரி அமுங்கும். வேரில் ஏறியதே தெரியாது. தெரியாததால் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் மாட்டீர்கள். பெடலை மிதித்தால் பாதி பலம் ஷாக்கை ஆட்டுவதில் போவது போலிருக்கும். என் பைக் பதினாறு கிலோ. கேட்டுக்கு மேலே அதைத் தூக்கி மறுபக்கம் இறக்கிய ஒவ்வொரு முறையும் ஆல்ப்ஸ் ஞாபகம்தான் வந்தது.

சரி, கனம்தானே, பழகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் நவம்பர் வந்தது.

நான் சென்னைக்காரன், மழை எனக்குப் புதிதில்லை என்ற நினைப்பு. கணக்குப் பார்த்தால் சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, லண்டனில் சுமார் 600தான். ஆனால் நம் ஊர் மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், பின்னாலேயே வெயில் வந்து மண்ணைக் காயவைத்துவிடும். இங்கே தூறிக்கொண்டே இருக்கும். நவம்பரில் நனைந்த மண் மார்ச் வரை காயாது. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, எந்த வெயிலில் காயும்?

அந்த நவம்பரில் கட் கேட் பாதையில் போனேன். ஹவ்டன் நீர்த்தேக்கத்துக்கு மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் தொடங்கி, மேட்டு நிலம் தாண்டி லாங்செட் போகும் பழைய வழி. மேலே போனதும் பீட் மண், கறுப்பாக, களி மாதிரி. என் பைக்கில் பின் டயருக்கும், பின் சக்கரத்தைப் பிடிக்கும் செயின்ஸ்டே குழாய்க்கும் நடுவே இருந்த இடைவெளி என் சுண்டு விரல்கூட நுழையாத அளவு. கடையில் காய்ந்த தரையில் அதை யார் பார்த்தார்கள்? முதலில் "கிர்ர்" என்று ஒரு சத்தம். பத்து மீட்டரில் சக்கரம் நின்றுவிட்டது. சேறும் காய்ந்த புல்லும் சேர்ந்து, வைக்கோல் கலந்த சுவர்ப் பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. ஆலன் கீயால் குத்திக் குத்தி எடுத்தேன். இருபது மீட்டர் உருட்டினால் மறுபடி அதே. கடைசியில் பதினாறு கிலோவோடு சேறும் சேர்ந்த சுமையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால், செயின்ஸ்டேயின் உள்பக்கம் பெயின்ட் தேய்ந்து அலுமினியம் பல்லைக் காட்டியது.

அதோடு முடியவில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் கல்லைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மில்ஸ்டோன் கிரிட் என்று பெயர். இந்தக் கல்லில்தான் ஒரு காலத்தில் ஆலைகளுக்குத் திரிகைக்கல் செதுக்கினார்கள். ஸ்டேனேஜ் பாறைச் சுவருக்கடியில் விற்காமல் போன திரிகைக்கற்கள் இன்னும் வட்டவட்டமாகக் கிடக்கின்றன. மாவரைக்கத் தேர்ந்தெடுத்த கல்லின் பொடியும் தண்ணீரும் சேர்ந்து உங்கள் பேரிங்குக்குள் போனால் என்ன ஆகும்? என் பைக்கின் பின் சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் லிங்க்கில் பன்னிரண்டு பேரிங். பிப்ரவரியில் உட்கார்ந்தால் கீச்சிட ஆரம்பித்தது. மார்ச்சில் போல்ட்டைக் கழற்றி, ஒரு பேரிங்கை சாக்கெட் வைத்துத் தட்டி வெளியே எடுத்தேன். உள்ளே கிரீஸ் இல்லை, கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. மற்றவற்றில் இரண்டு அசையவே இல்லை. கடையில் கொடுத்துப் பிடுங்கி மாற்ற 240 பவுண்டு. அடுத்த குளிர்காலம் முடிந்தபோது மறுபடியும்.

ஆல்ப்ஸ் போனேனா? போகவில்லை. அந்த வருடம் தங்கைக்குக் கல்யாணம், லீவு எல்லாம் ஊருக்கே சரியாகிவிட்டது. பைக்கைப் பாதி விலைக்கு விற்றேன். இப்போதும் எரிச்சல் வருவது போன பணத்துக்காக இல்லை. இரண்டு வருடம் தப்பான பைக்கில் ஓட்டி, "நமக்கு இது வராது போல" என்று நானே நம்பிவிட்டேனே, அதற்காக.

அப்படியானால் பிரிட்டனுக்கு எதுதான் சரி? ரைடு முடிந்து டீ குடிக்க உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான் நடக்கும். ஒருவர் இரும்பு ஹார்ட்டெயில் என்பார். அதில் பின்னால் ஷாக்கும் கிடையாது, கெட்டுப்போக லிங்க்கும் கிடையாது. இன்னொருவர் ஹாலிஃபாக்ஸில் பிறந்த ஆரஞ்ச் கம்பெனியின் பைக் என்பார். பின்பகுதி அசைய ஒரே பிவட் அச்சு, பேரிங்கும் பெரிது. பீரோவை வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள், ஆனால் சேற்றில் அது ஓடிக்கொண்டே இருக்கும். தெற்கிலிருந்து வந்தவர் சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புப் பாறையைப் பற்றிப் பேசுவார். நனைந்தால் சோப்புக்கட்டி, நடுவில் ஃபிளின்ட் கல் கத்தி மாதிரி டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். எல்லாரும் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி.

என் கட்சி இது: பின்னால் 120 முதல் 140 மி.மீ., முன்னால் 140 அல்லது 150, டயரின் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரல் தாராளமாக நுழையும் இடைவெளி, மரை போட்ட பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்). அழுத்திப் பொருத்தும் ரகம் வேண்டாம், முதல் மழைக்காலத்திலேயே கட்டில் மாதிரி கிறீச்சிடும். ஆல்ப்ஸ் போகிற வாரத்துக்கு அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட வந்த டயரோடு ஓட்டுவது

இரண்டாயிரம் பவுண்டு பைக்கில், கடையில் கனம் குறைவாகக் காட்டுவதற்காகவே சில சமயம் மெல்லிய டயரைப் போட்டுத் தருகிறார்கள். ஈரமான வேர் மேல் அது நிற்காது. வேரைக் குறுக்காகக் கடந்தால்கூடத் தப்பிக்கலாம். சாய்வாகப் போகும் வேரில் முன் சக்கரம் ஏறினால் நீங்கள் தரையில் இருப்பீர்கள், எப்படி வந்தோம் என்றே தெரியாது. என் இடது தோள்பட்டை இதற்குச் சாட்சி.

முன் டயருக்கு மட்டுமாவது மென்மையான ரப்பரும் உயரமான பட்டனும் இருக்கட்டும். பின்னால் கொஞ்சம் கடினமானது போதும், இல்லையென்றால் மிதித்தே சோர்ந்துவிடுவீர்கள். டியூப்லெஸ் ஆக்கிவிட்டுக் காற்றைக் குறையுங்கள். நான் 72 கிலோ. முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். கார் டயர் மாதிரி 40 அடித்துக்கொண்டு வருகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ரெசின் பேட்

மழை நாளில் பிசினால் ஒட்டிச் செய்த புது ரெசின் பிரேக் பேட் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினேன். மாலையில் பார்த்தால் பேடின் அடி இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான ரோட்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. திரிகைக்கல் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? உலோகத்தூளில் செய்த சின்டர்டு பேட் வாங்குங்கள். கொஞ்சம் கத்தும், பரவாயில்லை. பையில் ஒரு ஜோடி கூடுதலாகவும் இருக்கட்டும்.

ஹெட்செட் வழியாகப் போகும் கேபிள்

வேண்டாம். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் ஹெட்செட்டின் மேல் பேரிங்கை மாற்ற, பிரேக் எண்ணெய்க் குழாயையே கழற்றச் சொல்லும்.

மட்கார்டு

அழகு கெடும் என்று போடாமல் இருந்தேன். கண்ணில் போன ஆட்டுச் சாணம் மனதை மாற்றிவிட்டது.

பிரஷர் வாஷர்

மவுண்டன் பைக்குக்கென்றே பாதை போட்ட டிரெயில் சென்டர்களில் காசு போட்டால் வேகமாகத் தண்ணீர் அடிக்கும் குழாய் இருக்கும். சேறு இரண்டு நிமிடத்தில் போய்விடும், கூடவே பேரிங் சீலைத் தாண்டித் தண்ணீரும் உள்ளே போய்விடும். என் பன்னிரண்டு பேரிங்குகளைக் கொன்றதில் கல்லுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். வாளியும் பிரஷும் போதும். கழுவியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மஞ்சள் துரு. குளிர்காலத்துக்கு என்று தனி எண்ணெய் விற்கிறார்கள், கோடைக்கால எண்ணெய் முதல் ஓடையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும்.

ஃபோர்க்கின் கீழ்க்கால்களையும் மறந்துவிடாதீர்கள். பல ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேரம் ஓடியதும் கீழ்ப்பகுதியைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். வாரம் நாலு மணி நேரம் ஓட்டினாலே மூன்று மாதத்தில் வந்துவிடும்.

அம்புக்குறி பார்க்காமல் போவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாப் பாதையிலும் சைக்கிள் விட முடியாது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. 1968 சட்டத்தில்தான் அதில் சைக்கிளுக்கு உரிமை கொடுத்தார்கள், அதுவும் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழி விட்டுத்தான் போக வேண்டும். குதிரையைப் பார்த்தால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாகப் போங்கள், மனிதக் குரல் கேட்டால் அது மிரளாது. ஸ்காட்லாந்தில் 2003 சட்டத்துக்குப் பிறகு பொறுப்போடு போனால் ஏறக்குறைய எங்கும் போகலாம். அந்தப் பழக்கத்தில் இந்தப் பக்கம் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என் கூட்டத்திலேயே இரண்டு பேர்.

இ-பைக்

அது தனிச் சண்டை. இன்னொரு நாள்.

பழையதை அவசரமாக விற்பது

அந்த ஆல்ப்ஸ் பைக் வாங்கக் காசு சேர்ப்பதற்காக, என்னிடம் இருந்த பச்சை நிற இரும்பு ஹார்ட்டெயிலை 350 பவுண்டுக்குக் கொடுத்தேன். 140 மி.மீ. ஃபோர்க், பின் டயர் பக்கத்தில் இரண்டு விரல் போகும் இடைவெளி, மரை போட்ட பாட்டம் பிராக்கெட். நான் மேலே எழுதிய பட்டியலில் பாதி அதில் ஏற்கெனவே இருந்தது. வாங்கியவர் ஷெஃபீல்டிலேயே இருக்கிறார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். போன ஜனவரியில் ஸ்டேனேஜ் பக்கம் ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து, "இது உன் பைக்தானே?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். செயின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை அதில்.