லோகி தோரின் தம்பி இல்லை

மார்வெல் படங்களில் வில்லனாக நுழைந்து, 2021-ல் தன் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பிடித்துக்கொண்டவன் லோகி. அதைப் பார்த்த சூட்டோடு, வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் புராணம் பேசக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது உறவுமுறையில்தான். தொடரில் அவன் கடவுள்களின் தலைவன் ஓடினின் வளர்ப்பு மகன், ஓடினின் சொந்த மகனான தோரின் தம்பி. இந்தக் குடும்பம் 1960-களில் அமெரிக்க காமிக்ஸ்காரர்கள் கட்டியது. பழைய பாடலிலோ ஓடினும் லோகியும் இரத்தம் கலந்து உறவு பூண்டவர்கள். அந்தக் கணக்கில் தோருக்கு அவன் சித்தப்பா முறை. லௌஃபே கதை இன்னும் வேடிக்கை. மூலத்தில் அவள் லோகியின் அம்மா. திரையில் அவளை ஆணாக்கி, ராட்சதர்களின் அரசனாக்கி, அப்பா ஸ்தானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்தது, அவனை ஆரம்பத்திலிருந்தே கெட்டவனாக எடுத்துக்கொள்வது. தோரின் சுத்தியலே லோகி இழுத்துவிட்ட வம்பில் கிடைத்ததுதான். தோரின் மனைவி சிஃப்பின் கூந்தலை விளையாட்டாக வெட்டிவிட்டு, அடிக்குப் பயந்து குள்ளர்களிடம் ஓடித் தங்கக் கூந்தல் வாங்கி வருகிறான். அத்தோடு நின்றானா? ப்ரோக் என்ற குள்ளனிடம், 'இதைவிட நல்ல பொருளை உன் சகோதரனால் செய்ய முடியாது' என்று தன் தலையையே பந்தயம் வைக்கிறான். அந்தச் சகோதரன் சுத்தியல் செய்ய, ப்ரோக் துருத்தி ஊதும்போது ஈயாக வந்து அவன் கண்ணிமையைக் கடிக்கிறான். ஒரு நொடி ஊதல் நின்றதில் சுத்தியலின் பிடி குட்டையாகிப் போனது. ஆனாலும் வென்றது சுத்தியல்தான். தலையைக் கேட்டு வந்தவனிடம், 'தலை உன்னுடையது, கழுத்தைத் தொடக் கூடாது' என்றான் லோகி. குள்ளன் அவன் உதட்டைத் தைத்துவிட்டான்.

டென்மார்க்கின் ஸ்னாப்துன் கடற்கரையில் 1950-ல் ஒரு உலைக்கல் கிடைத்தது. துருத்தியின் மூக்கு நுழைய ஒரு துளை. அதற்கு மேலே முறுக்கு மீசை வைத்த முகம், உதட்டின் குறுக்கே கோடுகள். அது லோகி என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

வம்பு இழுக்கிறவன் என்பதற்காக 'அந்த ஊர் நாரதர்' என்று சொல்லிவிடவும் முடியாது. நாரதர் கலகம் நன்மையில் முடியும். இவன் கலகத்தில் ஓடினின் மகன் பால்டர் செத்தான்.

திரையில் அவன் அணியும் கொம்பு வைத்த தலைக்கவசத்தையும் புராணத்தில் தேடாதீர்கள். அந்தத் தோற்றம் பரவியதில் 1876-ல் ஜெர்மனியின் பைரோய்த்தில் அரங்கேறிய, இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா (இசை நாடக) உடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

'பண்டைய ஜெர்மானியர்கள் லோகியைக் கும்பிட்டார்கள்' என்று எழுதுவதும் ஆபத்து. அவனை வழிபட்டதற்குத் தெளிவான சான்று இல்லை. நாம் படிக்கும் கதைகளில் பெரும்பகுதி 1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்தது. அந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி அப்போது 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசியாக, நெருப்புக் கடவுள் என்ற பட்டம். இதிலும் வாக்னருக்குப் பங்குண்டு. ஸ்னோரியின் கதையில் நெருப்பு வேறு ஆள். லோகியோடு சாப்பாட்டுப் போட்டிக்கு உட்காருகிறது. தொட்டி நிறைய இறைச்சி. இருவரும் ஆளுக்கொரு முனையிலிருந்து தின்றுகொண்டே வந்து நடுவில் சந்திக்கிறார்கள். நம்மாள் எலும்பை மிச்சம் வைத்திருந்தான். நெருப்பு இறைச்சி, எலும்பு, தொட்டி எல்லாவற்றையும் தின்றிருந்தது. அதன் பெயரும் தமிழில் எழுதினால் லோகிதான். மூலத்தில் அதற்கு மெல்லிய ககரம், நம்மாளுக்கு அழுத்தமான ககரம். பேசாமல் இவனை முதலிலேயே லோக்கி என்று எழுதத் தொடங்கியிருக்கலாம்.