மேடைக் கூச்சம் உள்ளவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு

நாலு பேர் முன் வாய் திறக்கவே தயங்குபவர்கள், 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிபோர்னியாவில் தொடங்கிவைத்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டமொன்றுக்கு விருந்தினராகச் சென்று பார்க்கலாம். சேர்ந்ததும் உரையாற்ற முனையாமல், நேரக் கண்காணிப்பாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பேசுபவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை உரிய நேரத்தில் உயர்த்திக் காட்டி, இறுதியில் யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று எழுந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் தாள் இருப்பதாலும், சொல்ல வேண்டியது முன்பே தெரிந்திருப்பதாலும், குரல் நடுங்கினாலும் பேச்சு தடைபடாது என்பதால், கூச்சம் மிகுந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அடுத்து வரும் 4 முதல் 6 நிமிட அறிமுக உரையில் உங்களைப் பற்றியே பேசுவதால் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, முதல் இரண்டு வரிகளை மட்டும் வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.