ஹெல்ஃப்ரிச் ஃபயர்ஃபிஷ்: மூடி முதலில், மீன் அப்புறம்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வந்த முதல் ஹெல்ஃப்ரிச் மீன் மூன்றே நாள்தான் இருந்தது. நான்காம் நாள் காலையில் டிவி மேசைக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. தப்பு என்னுடையதுதான், தொட்டிக்கு மூடி போடவில்லை.

விரல் நீளம்கூட இருக்காது. மஞ்சள் முகம், ஊதா உடல். பசிபிக் பவளப்பாறைகளில் 25 முதல் 90 மீட்டர் ஆழத்தில் வாழும். பயந்தால் ஒன்று பொந்துக்குள் பாயும், இல்லையென்றால் மேலே துள்ளும். அதனால் முதலில் வலைமூடி. குழாய் நுழையும் இடுக்கையும் விடாதீர்கள்.

அடுத்தது சில்லர், அதாவது தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் சுலபமாக 30 டிகிரியைத் தொடும். நான் 25இல் வைக்கிறேன். மின்கட்டணத்தைப் பார்த்து அம்மா, "மீனுக்கு ஏர்கான், எனக்குக் காற்றாடியா?" என்பார்.

கடையில் அவசரப்படாதீர்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவந்தால், மீன் மிதக்க உதவும் காற்றுப்பை பாதிக்கப்படும். தலைகீழாக மிதந்தாலோ, நேராக நிற்கத் தடுமாறினாலோ வேண்டாம். "கொஞ்சம் இரை போடுங்கள் அண்ணே" என்று கேட்டு, சாப்பிடுவதைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

வீட்டில் முதல் சில நாள் விளக்கைக் குறைத்து, உறைந்த மைசிஸ் இறாலைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். முரட்டு மீன்களோடு மட்டும் சேர்க்கவேண்டாம்.