புரை முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள்

குடியாத்தத்தில் வேலூர் பஸ் ஏறும்போதே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்: "கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையே, அதற்குள் ஆபரேஷனா?" அது அந்தக் காலத்துக் கணக்கு. எதிரே வரும் லாரி விளக்கு கூசுகிறது, பஸ்ஸின் ஊர்ப் பலகை தெரியவில்லை என்றாலே மருத்துவரிடம் பேசலாம். முற்றவிட்டால் புரை கெட்டிப்பட்டு, எடுப்பதுதான் சிரமம்.

"லேசர்தானே?" பெரும்பாலும் இல்லை. சிறு துளை வழியே ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். பின்னாளில் அந்த லென்ஸின் பின்புறச் சவ்வு மங்கினால் லேசர் உண்டு. சில நிமிட வேலை.

இளைஞர்கள் கண்ணாடியைக் கழற்றச் செய்துகொள்ளும் லேசிக் வேறு. அது கருவிழியின் வளைவை மாற்றுகிறது. பிற்காலத்தில் புரை வருவதைத் தடுக்காது. அந்த மருத்துவக் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். புரை ஆபரேஷனுக்கு லென்ஸ் பவர் கணக்கிடப் பழைய அளவுகள் உதவும்.

ஆண்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால், எப்போதோ நிறுத்தியிருந்தாலும், சொல்லியே ஆகவேண்டும். அந்த மருந்தால் ஆபரேஷனின்போது கண்பாப்பா சுருங்கிவிடலாம். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மாதான் சுருக்குப்பையிலிருந்து கசங்கிய மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்தால், நடுவே 5 நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது, முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.