நுரையீரல் புற்றுநோய்: சிகிச்சை முடிந்தபின் வீட்டில் நடக்கும் தவறுகள்

கடைசி மருந்து ஏற்றியாகிவிட்டது, அல்லது தையல் பிரித்தாகிவிட்டது. பார்க்க வரும் உறவினர்கள் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்து, "இனி கவலையில்லை, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு தவறுகள். கவலைப்பட வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. ஓய்வோ, பலருக்கு ஏற்கெனவே அளவுக்கு மேல் கிடைத்துக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் அக்கறைக்குப் பஞ்சமில்லை. அது போகும் இடம்தான் சில நேரம் தப்பிவிடுகிறது.

மூச்சு வாங்குகிறதே என்று உட்கார வைப்பது

அதிகம் கெடுப்பது இதுதான். நுரையீரலின் ஒரு மடலை (பெரிய பகுதியை) அகற்றியவருக்கு நடந்தால் மூச்சு வாங்கும். அதைப் பார்த்துப் பயந்து, தண்ணீர் முதல் செருப்புவரை எல்லாம் அவர் இருக்கும் இடத்துக்கே வருகிறது. சில வாரங்களில் தொடைத் தசை இளைத்துவிடும். இளைத்த தசை சிறு வேலைக்கே களைத்து, அதிக மூச்சு கேட்கும். முன்பு கடைக்குப் போய்வந்தால் வாங்கிய மூச்சு, இப்போது கழிப்பறைக்குப் போய்வந்தாலே வாங்குகிறது. நுரையீரல் மோசமாகிவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் மோசமாகியிருப்பது கால்தான்.

மருத்துவர் தடை சொல்லவில்லையென்றால், சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் வீட்டு வாசலை ஒட்டிய தாழ்வாரத்திலேயே தொடங்கலாம். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, வாரத்தில் பெரும்பாலான நாள்கள் 30 நிமிடம் என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா இழுத்து விடுங்க" என்பார்கள். பதற்றத்தில் இருப்பவர் இழுப்பதை மட்டும் செய்வார். குறிப்பாகப் பல ஆண்டு புகைபிடித்தவரின் நுரையீரலில் பழைய காற்று முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும். புதிதாக இழுக்க இடம் இருக்காது. மூக்கு வழியாக இரண்டு எண்ணும் நேரம் இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் விட வேண்டும். படியேறும்போது நின்று மூச்சை இழுத்து, விடும்போது ஏற வேண்டும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றினாலும் எளிதாகும். தேக்கா கடைகளில் சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கிடைக்கும் கையடக்க மின்விசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூக்கு, மேலுதட்டுப் பக்கம் காற்றுப் படும்படி வைத்தால் மூச்சுமுட்டும் உணர்வு குறையும். முகத்து நரம்புக்குக் குளிர்ச்சி படுவதால் அப்படி. ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு, இணையத்தில் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் ஆக்சிஜன் இயந்திரத்தைவிட இது மேல்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு மருத்துவரின் பரிந்துரை வேண்டும். அவராகவே சொல்வார் என்று காத்திருக்காமல் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்திலும் மறுவாழ்வுச் சேவை உண்டு.

இன்னொன்று, தோள். அறுவை நடந்த பக்கத்துக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். சுவரில் விரல்களை நடக்கவிட்டு நாள்தோறும் கையை உயர்த்த வேண்டும். ஆனால் 5 கிலோ அரிசிப் பையைத் தூக்க அறுவை மருத்துவரின் அனுமதி வேண்டும்.

வலியையும் இருமலையும் தாங்களாகவே விளக்கிக்கொள்வது

தழும்பு ஆறியபின்னும் மார்புக்குக் கீழே எரிகிறது, ரவிக்கைத் துணி உரசினாலே சுரீரென்கிறது என்றால், அது பெரும்பாலும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள நரம்பின் வலி. பனடோல் (பாரசிட்டமால்) மாத்திரைக்கு அது பெரிதாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்றே வேறு மருந்துகள் உள்ளன. "ஆபரேஷன்னா அப்படித்தான்" என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மார்பில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவருக்கு, முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சிரைப்பு வரலாம். அது கதிர்வீச்சினால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கக்கூடும். பக்கத்து கிளினிக்கில் "இருமல்" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்கும். அழற்சிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நோயெதிர்ப்புச் சிகிச்சையின் (இம்யூனோதெரபி) பக்கவிளைவுகள் கடைசி ஊசிக்குப் பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்: நிற்காத வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, தைராய்டு குறைந்ததால் வரும் சோர்வு. எனவே மருந்தின் பெயர், கடைசித் தேதி, கதிரியக்கம் கொடுத்த இடம் ஆகியவற்றைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு, பலதுறை மருந்தகமோ தனியார் கிளினிக்கோ, எங்கு போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

கீமோ முடிந்த முதல் சில வாரங்களில் 38 டிகிரி காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், புதுத் தலைவலியோடு வாந்தி, முதுகுவலியோடு கால் பலவீனம், முகமும் கழுத்தும் வீங்குதல், சளியில் இரத்தம்: இவை அடுத்த சந்திப்புவரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல, அன்றே போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறலுக்கு 995.

"சிகரெட் குடிச்சாரா?"

நலம் விசாரிக்க வந்தவர் கேட்கும் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இதுதான். சிங்கப்பூரில் நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில், குறிப்பாகப் பெண்களில், புகையையே தொடாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். புகைத்தவர் என்றாலும், இந்தக் கேள்விக்குப் பயந்து அவர் ஆட்களைத் தவிர்க்கவும் அறிகுறிகளை ஒளிக்கவும் தொடங்குவதுதான் மிச்சம். நோய் வந்தபின் நிறுத்தினாலும் பயன் உண்டு. திட்டுவதைவிட புகைப்பதை நிறுத்த உதவும் குவிட்லைனின் 1800 438 2000 என்ற எண்ணை அழைக்க உடனிருப்பது உதவும். மாற்றாக வேப் என்ற பேச்சே வேண்டாம், இங்கு அது சட்டவிரோதம்.

வீட்டுப் புகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூடிய பூஜையறையில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் போட்டால் இருமல் கிளம்பும். விளக்கு மட்டும் ஏற்றினால் சாமி கோபிக்காது. மிளகாய் தாளிக்கும் நேரம் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். புகைமூட்டக் காலத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு ஒருமுறை வெளியிடும் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பார்த்து வெளியே நடப்பதா, வீட்டுக்குள் நடப்பதா என்று முடிவு செய்யலாம்.

பத்தியமும் கஷாயமும்

கறி கூடாது, முட்டை சூடு என்று ரசமும் கஞ்சியுமாகக் கொடுத்தால் எடை சரியும். சிறுநீரகக் கோளாறு இல்லாத 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 28. ஒரே வேளையில் வயிறுமுட்டச் சாப்பிட்டால் நுரையீரலுக்குக் கீழுள்ள உதரவிதானத் தசை மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டும். ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்கலாம். இலக்கு மருந்து (புற்றணுக்களைக் குறிவைக்கும் மருந்து) மாத்திரை சாப்பிடுபவர் மூலிகைப் பொடி, மஞ்சள் மாத்திரை, ஊரிலிருந்து வந்த கஷாயம் எதையும் மருந்தாளரிடம் காட்டாமல் தொடக்கூடாது. சில மூலிகைகள் மாத்திரையின் வேலையைக் குறைக்கும், சில கல்லீரலைப் பாதிக்கும்.

கேட்காமல் விடுவது

சேமிப்பு கரைந்த பிறகுதான் பலர், செலவுக்கு உதவி தேட வழிகாட்டும் மருத்துவச் சமூகப் பணியாளரைத் தேடுகிறார்கள். முதல் கட்டணச் சீட்டு கைக்கு வந்ததுமே பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல், மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டம் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே கைகொடுக்கிறது, மருந்து மாற்றும்போதெல்லாம் "இது பட்டியலில் இருக்கா?" என்று கேளுங்கள். அத்திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் இருப்பவர் முதலாளி எடுத்த காப்புறுதியைத்தான் பார்க்க வேண்டும். பராமரிப்பு உதவிகளுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800 650 6060.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று ஸ்கேன் முடிவை மறைப்பதும் இதே வகைதான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் வரும். ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம் அவருக்குத் தூக்கம் போகும். எல்லாரும் கிசுகிசுக்கும் வீட்டில் அவருக்குக் கேட்கவும் ஆளிருக்காது. பராமரிப்பவருக்கும் வாரத்தில் ஓர் அரைநாளாவது விடுப்பு வேண்டும்.

ஊருக்குப் போக டிக்கெட் போடும்முன் மருத்துவரைக் கேளுங்கள். விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போல இருக்கும். நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று தங்கியிருந்தால் ஆபத்து. ஆக்சிஜன் தேவையென்றால் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். மாத்திரையைக் கூடுதலாக இரண்டு வாரத்துக்கு எடுத்து, கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல.