ஏற்காட்டுக்குக் குடிமாறியவர் பெயரைப் பட்டியலில் மாற்றிய விதம்

குடிமாறிய ஒருவரின் பெயர் சேலம் வடக்குத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும், குடியிருப்பு ஏற்காட்டு மலைக் கிராமத்தில் இருக்கும். ஊராட்சித் தேர்தலில் இவருக்கு வாக்கும் கிடையாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், அதன் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. எனவே பழுது பார்க்க வேண்டிய இடம் சட்டமன்றப் பட்டியல்தான்.

போட வேண்டியது படிவம் 8. பலர் படிவம் 6 போடுகிறார்கள்; அது முதன்முறை சேருபவருக்கு. ஏற்கெனவே உள்ள பெயரை மறைத்துப் பொய் உறுதிமொழி தந்தால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. படிவத்தில் குடிமாற்றம், வேறு தொகுதி என்று குறித்து, பழைய வாக்காளர் அட்டை எண்ணை எழுதினேன்.

சிக்கல் முகவரிச் சான்றில்தான். காப்பித் தோட்டக் குடியிருப்புகளில் கரண்டு பில் தோட்டத்தின் பெயரில் இருக்கும், செல்லாது. முதலில் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தில் முகவரியை மாற்றி, அதன் நகலை வைத்ததும் வேலை நகர்ந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வரும்போது வீட்டில் ஆள் இருப்பது மிக முக்கியம். கதவு பூட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பத்தை எதிர்த்து மற்றவர்கள் ஆட்சேபணை சொல்ல 7 நாள் உண்டு. நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். படிவம் கொடுக்கும்போது ஒப்புகை எண்ணைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.